டர்போ சுப்ராவுக்கு மாற்று ஃப்யூயல் பம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் டொயோட்டா சுப்ராவின் நான்காம் தலைமுறைக்கானவை. 1993 முதல் 2002 வரை வந்த ஜேஇசட்ஏ80 உடல், அதில் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜின், 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. கணக்கும் ஒயரிங்கும் ஹோஸும் பற்றிச் சொல்வது, டேங்குக்குள் பம்பும், மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனும் உள்ள எந்தப் பழைய டர்போ காருக்கும் பொருந்தும். பம்ப் என்று இங்கே சொல்வது டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஃப்யூயல் பம்பைத்தான்.

கம்பெனி பம்ப் போதாதா? ஏன் மாற்ற வேண்டும்?

காரை கம்பெனி நிலையிலேயே வைத்திருந்து, பம்பும் நன்றாக இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. சுப்ரா டர்போவில் வந்த டென்சோ பம்ப் நல்ல பம்ப். எம்ஆர்2 டர்போ வைத்திருப்பவர்களும் மூன்றாம் தலைமுறை சுப்ரா வைத்திருப்பவர்களும் அதைத் தேடி வாங்கித் தங்கள் காரில் போட்டுக்கொண்ட காலம் உண்டு. அமெரிக்க மாடலின் 320 குதிரைத்திறனுக்கும், பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கொஞ்சம் ஏற்றிய நிலைக்கும் அது தாராளமாகப் போதும்.

மாற்றக் காரணங்கள் இரண்டே. பம்புக்கு வயதாகியிருக்கும், முப்பது ஆண்டு பெட்ரோலில் ஊறிய மோட்டாரின் பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் தேய்ந்திருக்கும். அல்லது டர்போ, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், பூஸ்ட் எல்லாம் மாறி இன்ஜினின் தேவை கூடியிருக்கும். முதல் காரணத்துக்காக மாற்றுபவர் புது டென்சோ பம்பையே போடுவது நல்லது. சத்தம் இல்லை, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரால் தொல்லை இல்லை, ஒயரை வெட்ட வேண்டியதில்லை.

கோளாறு பம்பில்தானா என்று எப்படி உறுதி செய்வது?

ஃப்யூயல் பிரஷர் கேஜ் இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் ஊட்டும் ரெயிலில் ஒரு சென்சார் மாட்டி, பூஸ்ட்டையும் பிரஷரையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். பூஸ்ட் 1 பிஎஸ்ஐ ஏறினால் பெட்ரோல் அழுத்தமும் 1 பிஎஸ்ஐ ஏற வேண்டும். பூஸ்ட் நிலையாக நிற்கும்போது ஆர்பிஎம் ஏற ஏற அழுத்தம் மட்டும் சரிந்தால், சப்ளை பின்தங்குகிறது என்று பொருள்.

அப்போதும் உடனே பம்பைக் குற்றம் சொல்லக்கூடாது. அதே சரிவை அடைத்த ஃபில்டரும் தரும், பம்பின் அடியில் மாட்டியிருக்கும் வடிகட்டி வலையான சாக் அடைத்தாலும் வரும், துருப்பிடித்த எர்த் இணைப்பும் தரும். முழு லோடில் பம்பின் இரு முனைகளுக்கு இடையே வோல்ட்டைப் பாருங்கள். பேட்டரியில் 13.8 இருந்து பம்பில் 11.5 மட்டும் வந்தால், புது பம்ப் வாங்கினாலும் அதே கதைதான்.

பம்பே ஓய்ந்ததற்கான அடையாளங்கள் வேறு. முன்பு இல்லாத முனகல் சத்தம் வரும். சூடான இன்ஜின் நின்று பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் நெடுநேரம் சுற்றும். பம்பின் வாயிலுள்ள ஒருவழி வால்வு அழுத்தத்தைப் பிடித்து வைக்காததே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஒழுகும் இன்ஜெக்டரும் இதே அறிகுறியைக் காட்டும் என்பதால் ரிட்டர்ன் ஹோஸையும் சப்ளை ஹோஸையும் மாறி மாறி இறுக்கிப் பிடித்து, எந்தப் பக்கம் அழுத்தம் இறங்குகிறது என்று பிரித்துப் பாருங்கள்.

என் காருக்கு மணிக்கு எத்தனை லிட்டர் வேண்டும்?

இதுதான் முதலில் செய்ய வேண்டிய வேலை. பம்பின் பெயரெல்லாம் பிறகு.

டர்போ இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.55 முதல் 0.65 பவுண்டு பெட்ரோல் எரிக்கும். நடுவில் 0.6 என்று வைப்போம். சக்தி அளக்கும் டைனோவில் சக்கரத்தில் 500 குதிரைத்திறன் வேண்டும் என்று ஒருவர் திட்டமிடுகிறார். கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் இழப்பு 15% என்று கொண்டால் கிராங்க்கில், அதாவது இன்ஜினின் முனையில், 588. அதை 0.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 353 பவுண்டு, அதாவது 160 கிலோ. பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.745 கிலோ. வகுத்தால் மணிக்கு 215 லிட்டர். இது இன்ஜின் குடிக்கும் அளவு. இதற்கு மேல் 20% கையிருப்பு வைத்தால் 258 லிட்டர்.

அந்த 20% எதற்கு என்று கேட்பார்கள். பம்ப் தேயும், பெட்ரோல் சூடாகும், ஃபில்டர் அழுக்காகும், குளிர்ந்த இரவில் அடர்ந்த காற்றை டர்போ விழுங்கி எதிர்பார்த்ததைவிட அதிக சக்தி தரும். கையிருப்பு இல்லாத பம்ப் வாங்கிய நாளில் சரியாக இருக்கும். இரண்டு வருடம் கழித்து முழு ஆக்சிலரேட்டரில் ஒரு நீண்ட ஓட்டத்தின் முடிவில் கைவிடும்.

பெட்டியில் 255 என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் 255 லிட்டர் பம்ப் கிட்டத்தட்டப் போதும்தானே?

போதாது. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான்.

பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 13.5 வோல்ட்டில் அளந்தது. உங்கள் பம்ப் அந்த அழுத்தத்தில் வேலை செய்வதில்லை. இன்ஜெக்டரின் முனை இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கிறது. மேனிஃபோல்டில் 20 பிஎஸ்ஐ பூஸ்ட் இருந்தால், அது பெட்ரோலை எதிர்த்துத் தள்ளும். அதை ஈடுகட்டத்தான் ரெகுலேட்டர் பூஸ்ட்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று அழுத்தத்தை ஏற்றுகிறது. அடிப்படை அழுத்தம் 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐ, பூஸ்ட் 20, ஆக ரெயிலில் 63.5 பிஎஸ்ஐ. ஃபில்டரிலும் லைனிலும் இழப்பதைச் சேர்த்தால் பம்பின் வாயில் இன்னும் சில பிஎஸ்ஐ கூடும்.

எந்த மின்சார பம்பும் அழுத்தம் ஏற ஏறக் குறைவாகத் தள்ளும், அதிக ஆம்பியர் இழுக்கும். ஆகவே தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில் 65 பிஎஸ்ஐ கோட்டுக்குப் போய், அங்கே எத்தனை லிட்டர் என்று படியுங்கள். 255 வகை பம்ப் அங்கே 200-ஐ ஒட்டிய அளவில் நிற்கும். மேலே போட்ட கணக்குக்கு அது இன்ஜினின் தேவைக்கே எட்டாது, கையிருப்பு பற்றிப் பேச்சே இல்லை. வரைபடம் தராத தயாரிப்பாளரிடம் பம்ப் வாங்காதீர்கள்.

அப்படியானால் எந்த பம்ப்?

சக்கரத்தில் 400 வரை, பெட்ரோலில், 15 பிஎஸ்ஐ அருகே ஓட்டுபவருக்கு நல்ல நிலையில் உள்ள டென்சோ பம்பு போதும். இல்லையென்றால் 255 வகை. வால்ப்ரோ ஜிஎஸ்எஸ்341, ஜிஎஸ்எஸ்342, டீட்ஷ்வெர்க்ஸ் டிடபிள்யூ200 இந்த வகை. 341-க்கும் 342-க்கும் உறிஞ்சும் வாய் அமைந்திருக்கும் இடத்தில்தான் வேறுபாடு. அது சாக் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் தீர்மானிக்கும், ஆகவே காருக்கான கிட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 255 பம்பிலேயே சாதாரண அழுத்தம், உயர் அழுத்தம் என்று இரு வகை விற்றிருக்கிறார்கள். சாதாரண வகையில் உள்ளே இருக்கும் ரிலீஃப் வால்வு சீக்கிரம் திறந்து பெட்ரோலை டேங்கிலேயே கொட்டிவிடும். டர்போ காருக்கு உயர் அழுத்த வகை மட்டுமே.

சக்கரத்தில் 400-லிருந்து 500 வரை என்றால் 340 வகை. ஏஇஎம் 340, டீட்ஷ்வெர்க்ஸ் டிடபிள்யூ300, ஏரோமோட்டிவ் ஸ்டெல்த் 340 ஆகியவை இந்த வகையில் உள்ளவை. உடல் 39 மில்லிமீட்டர் விட்டம்தான், அதனால் பம்பைத் தாங்கும் பழைய ஹேங்கரில் பெரிய வெட்டு வேலை இல்லாமல் உட்காரும். தெருவில் ஓடும் சுப்ராவுக்கு எங்கள் முதல் தேர்வு இந்த வகை. 65 பிஎஸ்ஐயில் 300-க்குக் கீழே இறங்கினாலும் நம் 258-ஐத் தொடும். ரெகுலேட்டரைத் திணறடிப்பதும் குறைவு.

அதற்கு மேல் சக்தி வேண்டும், அல்லது ஈ85 (85% வரை எத்தனால் கலந்த எரிபொருள்) ஓட்ட வேண்டும் என்றால் வால்ப்ரோ 450. எஃப்90000267, எஃப்90000274 என்ற இரண்டு எண்களும் 450 என்ற பெயரில் விற்கின்றன. மிக உயர்ந்த பூஸ்ட்டுக்கு 274-ஐப் பாருங்கள். இந்த பம்பின் கீழ்ப்பகுதி 50 மில்லிமீட்டர், மேல்பகுதி 39. ஹேங்கரில் கீழ்த்தாங்கியை மாற்றியமைக்காமல் இது உட்காராது.

எதற்கு இத்தனை கணக்கு? 450-ஐயே போட்டுவிட்டால் எப்போதும் கவலையில்லையே?

ஐடிலில் இன்ஜினுக்குத் தேவை மணிக்கு சில லிட்டர். மீதி நானூற்றுச் சொச்சம் லிட்டரும் ரெகுலேட்டர் வழியாக, மெல்லிய ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும். கம்பெனி ரெகுலேட்டரின் துளை அத்தனை பெட்ரோலை விடாது. விளைவாக ஐடிலில் அழுத்தம் 43.5-இல் நிற்காமல் 50, 55 என்று ஏறி நிற்கும். கலவை கெட்டியாகி ஐடில் தடுமாறும், பிளக் கறுக்கும், பெட்ரோல் நாற்றம் வரும். இன்ஜின் கம்ப்யூட்டரை அமைக்கும் ட்யூனர் ஐடிலில் பெட்ரோலைக் குறைத்துச் சரிசெய்தால் பூஸ்ட்டில் வேறு இடத்தில் லீன் ஆகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது.

இன்னொன்று சூடு. டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போய், சூடான ரெயிலைத் தொட்டு, திரும்பவும் டேங்குக்கு வரும் பெட்ரோல் ஒவ்வொரு சுற்றிலும் சூட்டைக் கொண்டுவருகிறது. பம்பின் சொந்தச் சூடும் அதோடு சேரும். கால் டேங்க் பெட்ரோலுடன் கோடை மதியத்தில் நெரிசலில் நின்றால், உறிஞ்சும் வாயில் ஆவிக் குமிழ் உருவாகி பம்ப் சத்தமிடத் தொடங்கும். பெரிய பம்ப் வேண்டுமானால் போடலாம், ஆனால் அதற்கேற்ற ரெகுலேட்டர், ரிட்டர்ன் லைன், ஒயரிங் ஆகியவையும் சேர்ந்துதான் அதன் விலை.

பம்ப் பெரிதாக்கினால் சக்தி கூடுமா?

கூடாது. பம்ப் பெட்ரோலைக் கிடைக்கச் செய்கிறது, உள்ளே விடுவது இன்ஜெக்டர். அமெரிக்க, ஐரோப்பிய சுப்ராவில் 550 சிசி இன்ஜெக்டர். ஜப்பானிய மாடலில் 440 சிசி. ஆறு 550 சேர்ந்தால் நிமிடத்துக்கு 3300 சிசி, மணிக்கு 198 லிட்டர். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரப் பங்கான டியூட்டி 85%-க்கு மேல் போகக்கூடாது என்பதால் 168 லிட்டர். மேலே போட்ட அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கிராங்க்கில் சுமார் 460 குதிரைத்திறன். ஜப்பானிய 440-க்கு அதே வழியில் 370 அருகே.

ஜப்பானிலிருந்து வந்த காரில் இன்ஜெக்டரை மாற்றாமல் 450 பம்பைப் போட்டவருக்கு எந்தப் பயனும் இல்லை. டர்போ, இன்ஜெக்டர், பம்ப், ட்யூன் நான்கையும் ஒரே இலக்குக்குச் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

பழைய ஒயரிங்கிலேயே ஓட்டலாமா?

டென்சோவுக்கு மாற்றாக டென்சோ என்றால் ஓட்டலாம். 340, 450 என்றால் கூடாது.

கணக்கைப் பாருங்கள். முன்னால் உள்ள பேட்டரியிலிருந்து பின்னால் உள்ள டேங்குக்குச் சுமார் 5 மீட்டர் ஒயர். 2 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் தடை அந்தத் தூரத்துக்கு 0.043 ஓம். 15 ஆம்பியர் ஓடினால் 0.65 வோல்ட் அந்த ஒயரிலேயே போய்விடும். இதோடு பழைய கனெக்டர், ஃபியூஸ், ரிலே, எர்த் ஒவ்வொன்றும் தன் பங்கை எடுக்கும். 5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு 0.26 வோல்ட்தான். 13.5-இலிருந்து 12-க்கு இறங்கினால் பெரும்பாலான பம்புகள் 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்துத் தள்ளும். காசு கொடுத்து வாங்கிய லிட்டர் ஒயரில் கரைகிறது.

ஆகவே பேட்டரியிலிருந்து நேராக 5 சதுர மில்லிமீட்டர் ஒயர். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், 255-க்கு 20 ஆம்பியர், 450-க்கு 30. பின்னால் பம்புக்கு அருகில் 40 ஆம்பியர் ரிலே. எர்த் ஒயரும் அதே தடிமன், பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் போல்ட் போட்டு. டேங்க் மூடியைத் துளைத்துச் செல்லும் மின் இணைப்பையும் மறக்காதீர்கள். அந்தச் சிறு பின்கள் 18 ஆம்பியருக்கு ஆனவை அல்ல. உருகி, பிளாஸ்டிக்கை இளக்கி, மூடியின் அடியில் பெட்ரோல் ஆவியைக் கசிய விடும். 450-க்கு உயர் ஆம்பியர் பல்க்ஹெட் இணைப்பு கட்டாயம்.

சுப்ராவில் ஃப்யூயல் பம்ப் ஈசியு என்று ஒன்று உண்டே, அதை என்ன செய்வது?

ஐடிலிலும் மெதுவான ஓட்டத்திலும் பம்புக்குச் சுமார் 9 வோல்ட் மட்டும் கொடுத்து, லோடு ஏறியதும் முழு வோல்ட் கொடுக்கும் சிறு பெட்டி அது. பம்பின் சத்தமும் பெட்ரோல் சூடும் குறையும் என்பதற்காக டொயோட்டா வைத்தது. நல்ல யோசனை. ஆனால் அது கம்பெனி பம்பின் ஆம்பியருக்காகச் செய்யப்பட்டது. பெரிய பம்பை அதன் வழியாக ஓட்டினால் சூடாகி, நீண்ட ஓட்டத்தில் வோல்ட்டைக் கைவிடும்.

அதைத் தாண்டி நேர் ஒயரிங் போடும்போது ரிலேயைத் தூண்டும் ஒயரை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். இரண்டு சோதனை செய்யுங்கள். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அந்த ஒயரில் ரிலே உறுதியாகப் பிடிக்கும் நிலையான வோல்ட் இருக்கிறதா? சாவி ஆனில் இருக்க, இன்ஜின் நின்றதும் சில நொடியில் அது அணைகிறதா? இரண்டாவது சோதனையில் தோற்கும் ஒயரிங்கை ஓட்டவே கூடாது. விபத்தில் லைன் அறுந்தால், இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும்.

ரெகுலேட்டர் மாற்ற வேண்டுமா? எப்படி அமைப்பது?

பம்பைப் போட்டபின் ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸைக் கழற்றி, ஹோஸின் வாயை அடைத்து, ஐடிலில் அழுத்தத்தைப் படியுங்கள். முன்பு இருந்த அளவைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருந்தால் பழைய ரெகுலேட்டர் திணறுகிறது. சரிசெய்யக்கூடிய பெரிய ரெகுலேட்டர் வேண்டும். அதைப் போட்டும் இறங்கவில்லை என்றால் தடை ரிட்டர்ன் குழாயில் இருக்கிறது. 450-ஐப் போடுபவர்கள் பெரும்பாலும் ரிட்டர்ன் லைனையும் பெரிதாக்க வேண்டி வரும்.

அழுத்தத்தை 43.5-க்கு அமைத்து, லாக் நட்டை இறுக்கி, மறுபடி படித்துப் பாருங்கள். நட்டை இறுக்கும்போது அளவு நகரும். பிறகு வாக்குவம் ஹோஸை மாட்டினால் அழுத்தம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த ஹோஸ் வெடித்திருக்கிறது அல்லது தவறான இடத்தில் மாட்டியிருக்கிறது. அப்படியே பூஸ்ட்டில் ஓட்டினால் அழுத்தம் ஏறாது, இன்ஜின் லீன் ஆகும். அந்த ஹோஸுக்குக் கிளாம்ப் போடுங்கள், வேறு எதற்கும் அதிலிருந்து கிளை எடுக்காதீர்கள்.

ஈ85 ஓட்டினால் என்ன மாறும்? சாதாரண எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு?

ஈ85-இல் ஒரே சக்திக்கு 30 முதல் 40 சதவீதம் கூடுதல் கொள்ளளவு வேண்டும். நம் 215 லிட்டர் 290 ஆகும், கையிருப்போடு 348. இது 63.5 பிஎஸ்ஐயில் வேண்டிய அளவு, ஆகவே 450 வகைதான். எத்தனால் மின்சாரத்தைக் கடத்தும், ஈரத்தை இழுக்கும், பெட்ரோலுக்கு மட்டும் செய்த பம்பின் உள்பாகங்களை அரிக்கும். ஈ85-க்கு என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொன்ன பம்பை மட்டுமே வாங்குங்கள். முதல் சில டேங்குகளில் பழைய டேங்கின் படிவைக் கழுவிக்கொண்டு வந்து ஃபில்டரில் சேர்க்கும். ஃபில்டரைச் சீக்கிரம் மாற்றத் தயாராக இருங்கள்.

பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலே 10% வரை எத்தனால் கலந்தது. இந்தியாவில் 20% கலப்பு பரவிவிட்டது. இந்தக் கலப்புகளைப் புதிய நல்ல பம்புகள் தாங்கும். கவலை பழைய ரப்பரில்தான். 1990-களின் ஹோஸும் ஓரிங்கும் வீங்கி, விறைத்து, வெடிக்கும். டேங்கைத் திறக்கும் ஒரே நாளில் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

டேங்குக்குள் எந்த ஹோஸ் போடுவது?

இதை வலியுறுத்திச் சொல்கிறோம். கடையில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் ஹோஸ் என்று கேட்டால் கிடைப்பது எஸ்ஏஇ 30ஆர்9. அது உள்ளே பெட்ரோல், வெளியே காற்று என்ற நிலைக்கானது. அதன் வெளித்தோல் பெட்ரோலில் முழுகியிருக்கத் தாங்காது. சில மாதத்தில் ஊதி, பிளந்து, பம்ப் தள்ளுவதில் பாதி டேங்குக்குள்ளேயே கசியும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஓட்டுபவர் பம்ப் போய்விட்டது என்று நினைத்து இன்னொரு பம்ப் வாங்குவார். முழுகும் ஹோஸுக்குத் தரம் 30ஆர்10. ஒரு அடி ஹோஸின் விலை அதிகம்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

கிளாம்ப்பும் ஹோஸைச் சுற்றி ஒரே சீராக இறுக்கும் இன்ஜெக்ஷன் வகையாக இருக்கட்டும். பட்டையில் துளையிட்ட சாதாரண கிளாம்ப் ரப்பரைக் கடித்து வெட்டும்.

இரண்டு பம்ப் போடலாமா?

சக்கரத்தில் 600-ஐத் தாண்டி, குறிப்பாக ஈ85-இல், இரண்டு பம்ப் வேண்டி வரும். ஒரே ஹேங்கரில் இரண்டு 340 அல்லது இரண்டு 450 வைக்கும் கிட்கள் சுப்ராவுக்குக் கிடைக்கின்றன. இரண்டாவது பம்பைப் பூஸ்ட் ஏறியபின் பூஸ்ட் அழுத்தத்தால் இயங்கும் ஹாப்ஸ் ஸ்விட்ச்சாலோ இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியுவாலோ ஓட வைத்தால் ஐடில் அழுத்தமும் சூடும் கட்டுக்குள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ், தனி ரிலே, தனி ஒருவழி வால்வு வேண்டும். இரண்டாவது பம்ப் ஓடாமல் போனால் முழு பூஸ்ட்டில்தான் தெரியவரும். அதற்குள் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருக்கலாம். பிரஷர் விழுந்தால் பூஸ்ட்டை வெட்டும் ஈசியு இல்லாத காரில் இரண்டு பம்ப் வேலைக்குப் போகவேண்டாம்.

பாஷ் 044-ஐ வெளியே மாட்டினால்?

அது டேங்குக்கு வெளியே, லைனில் வைக்கும் பம்ப். தள்ளும், ஆனால் உறிஞ்சாது. டேங்கைவிடத் தாழ்வாக, தடையில்லாத பெரிய குழாயால் அதற்கு ஊட்ட வேண்டும், அல்லது டேங்க் பம்ப் சர்ஜ் டேங்க் என்ற சிறு இடைத்தொட்டியை நிரப்பி அதிலிருந்து 044 எடுக்க வேண்டும். வளைவுகளில் பெட்ரோல் ஒதுங்கும் டிராக் காருக்கு அந்த ஏற்பாடு மிகச் சரி. தெருவுக்கு அதன் சத்தமும் கூடுதல் இணைப்புகளும் தேவையில்லாத சுமை.

போலி பம்பை எப்படி அடையாளம் காண்பது?

வால்ப்ரோ பம்புக்குப் போலி ஏராளம். 1999-இல் வால்ப்ரோவை டிஐ குழுமம் வாங்கியது, அதனால் அசல் பம்பில் டிஐ ஆட்டோமோட்டிவ் பெயரைக் காணலாம். போலியில் எழுத்து மங்கலாகவோ ஒட்டுத்தாளாகவோ இருக்கும், கிரிம்ப் ஓரம் கரடுமுரடாக இருக்கும், சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கும். வெளித்தோற்றத்தை நன்றாகவே பார்த்துச் செய்த போலியும் உண்டு, ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் தயாரிப்பாளர் பட்டியலில் உள்ள விற்பனையாளரிடம் வாங்குவதே பாதுகாப்பு. மலிவு பம்பால் மிச்சமாகும் தொகை, லீன் ஆகி உருகும் ஒரு பிஸ்டனின் விலைக்குப் பக்கத்தில் கூட வராது.

மாற்றும் வேலையை எந்த வரிசையில் செய்வது?

டேங்கில் கால் பங்குக்குக் கீழ் பெட்ரோல் இருக்கும் நாளில் செய்யுங்கள். திறந்த வெளி, அருகில் தீயணைப்பான், பூட்டில் (டிக்கியில்) சூடேறும் விளக்கு வேண்டாம், எல்இடி போதும். இன்ஜின் ஓடும்போதே பம்பின் மின் இணைப்பைக் கழற்றி, தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். லைன் அழுத்தம் இறங்கும். பிறகு பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள்.

பூட் கம்பளத்தையும் அதன் கீழ் மூடியையும் எடுத்தால் டேங்கின் மேல்தட்டு தெரியும். திறப்பதற்கு முன் சுற்றியுள்ள மண்ணை வாக்குவம் கிளீனரால் எடுத்துத் துடையுங்கள். இல்லையென்றால் அத்தனையும் டேங்குக்குள் விழும். லைன்களையும் ஸ்க்ரூக்களையும் கழற்றி ஹேங்கரை மெதுவாகச் சாய்த்து எடுங்கள். பெட்ரோல் அளவு காட்டும் மிதவைக் கையை வளைத்துவிட்டால் கேஜ் பொய் சொல்லத் தொடங்கும்.

பழைய பம்பை எடுக்கும் முன் அதன் அடிப்பகுதி ஹேங்கரின் எந்த உயரத்தில் இருக்கிறது, சாக் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுங்கள். புது பம்பின் சாக் டேங்கின் தரையைத் தொட்டுத் தட்டையாகப் படுக்க வேண்டும். அரை அங்குலம் உயர்ந்தாலும் கால் டேங்கிலேயே பம்ப் காற்றை இழுக்கும். பழைய சாக்கைத் திரும்பப் போடாதீர்கள். பிளஸ், மைனஸ் ஒயர்களை மாற்றி இணைத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், அழுத்தம் வராது. டேங்குக்குள் டேப் போட்டு இணைப்பு செய்யாதீர்கள். பெட்ரோல் அதன் பசையைக் கரைத்துச் சாக்கில் கொண்டுபோய் ஒட்டும். கிரிம்ப் செய்த முனைகள்தான். மேல்தட்டுக்குப் புது கேஸ்கெட், லைன் போல்ட்டுக்குப் புது வாஷர்.

மூடும் முன் கசிவு பாருங்கள். இன்ஜின் அறையிலுள்ள டொயோட்டா டயக்னாஸ்டிக் பெட்டியில் +பி, எஃப்பி என்ற இரு முனைகளை ஒரு சிறு ஒயரால் இணைத்து சாவியை ஆன் செய்தால், இன்ஜின் ஓடாமலே பம்ப் ஓடும். முனைகளின் பெயர் மூடியின் உள்பக்கம் அச்சிட்டிருக்கும், தவறிப்போய் வேறு முனையைத் தொடாதீர்கள். இரண்டு நிமிடம் ஓட விட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். காய்ந்த டேங்கில் பம்பை ஓட்டக்கூடாது. அதற்குள்ளிருக்கும் பெட்ரோல்தான் அதற்கு எண்ணெயும் குளிர்விப்பும்.

போட்டபின் உண்மையில் எத்தனை லிட்டர் வருகிறது என்று அளக்க முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். ரிட்டர்ன் லைனை ரெகுலேட்டருக்குப் பின் கழற்றி, அளவு குறித்த உலோகப் பாத்திரத்தில் விட்டு, இன்ஜின் நின்ற நிலையில் மேலே சொன்ன முறையில் பம்பை 30 நொடி ஓட்டுங்கள். இன்ஜெக்டர் மூடியிருப்பதால் பம்ப் தள்ளுவது முழுவதும் பாத்திரத்துக்கு வரும். ரெகுலேட்டரின் வாக்குவம் முனையில் கைப்பம்பால் 20 பிஎஸ்ஐ காற்று கொடுத்தால், பூஸ்ட்டில் உள்ள அதே 63.5 பிஎஸ்ஐயில் அளக்கிறீர்கள். மணிக்கு 258 லிட்டர் என்றால் 30 நொடிக்கு 2.15 லிட்டர். பம்பின் முனையில் அப்போதிருந்த வோல்ட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்; பேட்டரி மட்டும் என்பதால் 12 அருகே இருக்கும், ஆகவே தயாரிப்பாளரின் 12 வோல்ட் கோட்டோடு ஒப்பிடுங்கள், 13.5-உடன் அல்ல.

முன்பைவிடச் சத்தமாக இருக்கிறது. கோளாறா?

255, 450 வகைகள் கம்பெனி பம்பைவிடச் சத்தம்தான். பின் இருக்கையில் மெல்லிய முனகல் கேட்கும். சுருதி ஒரே சீராக இருந்தால் கவலை இல்லை. டேங்க் குறையும்போதோ சூடு ஏறும்போதோ சத்தம் கரகரத்தால் சாக் அடைப்பு, சாக் உயரம், சூடான பெட்ரோல் மூன்றையும் பாருங்கள்.

புதிய ஜிஆர் சுப்ராவுக்கும் இதே பம்ப் போடலாமா?

முடியாது. 2019-இல் வந்த அந்தக் காரில் பிஎம்டபிள்யூ இன்ஜின், பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன். டேங்க் பம்ப் குறைந்த அழுத்தத்தில் ஊட்ட, இன்ஜினால் ஓடும் இன்னொரு பம்ப் அதை நூற்றுக்கணக்கான பார் ஆக்குகிறது. அதில் இரண்டு பம்பையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். இங்குள்ள லிட்டர் கணக்கு டேங்க் பம்புக்கு உதவும், அழுத்தக் கணக்கு உதவாது.

பெரிய பம்ப் போட்டும் மேல் ஆர்பிஎம்மில் லீன் ஆகிறது. அடுத்து எங்கே பார்ப்பது?

முதலில் காலை எடுங்கள். பூஸ்ட்டில், காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் 11.5 அருகே நிற்க வேண்டியது 12.5-ஐத் தாண்டினால் அந்த ஓட்டத்தை முடிக்காதீர்கள்.

பிறகு பதிவில் பிரஷர் கோட்டைப் பாருங்கள். பிரஷர் பூஸ்ட்டோடு சரியாக ஏறி நின்றும் லீன் என்றால் பம்புக்கு வேலை முடிந்தது. இன்ஜெக்டர் டியூட்டியையும் ட்யூனையும் பாருங்கள். பிரஷர் சரிகிறது என்றால் பம்பின் முனையில் வோல்ட். வோல்ட் சரி என்றால் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம். வேறுபாடு முழு லோடில் சில பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது. ஃபில்டரும் சரி என்றால் டேங்கைத் திறந்து உள் ஹோஸை அழுத்திப் பாருங்கள். வளைந்து மடிந்திருக்கும், பிளந்திருக்கும், அல்லது கிளாம்ப் நழுவியிருக்கும். புது பம்பைச் சந்தேகிப்பது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான்.